வெள்ளி, பத்தரை முதல் பன்னிரண்டு வரை

21 ஜூலை 1997, திங்கள்

இன்றும் நான் சாப்பாட்டு அறைக்குள் நுழைந்ததும் பேச்சு நின்றது. ஒருத்தி அவசரமாக வளையலைக் கழற்றிப் பைக்குள் போட்டாள். சாப்பிடும் இடத்தில் வளையல் இருந்தால் குற்றமில்லை, அடுப்படியில்தான் கூடாது என்று நூறு தடவை சொல்லியாயிற்று. என்னைக் கண்டால் கை தானாகப் போகிறது. இந்தக் குழம்பு பாக்கெட் ஃபேக்டரியில் தரம் பார்க்கும் என் பெயர் 'கியூசி மிஸ்'. விசாலம் என்று கூப்பிட ஒரே ஆள்தான் உண்டு.

அது சீதாலெட்சுமி அக்கா, சமையல் பகுதி சூப்பர்வைசர். டெங்கில் ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர், ஐம்பத்திரண்டு வயது. மதியம் அவர் மட்டும்தான் தன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வருவார். "என்னா விசாலம், கோழி கொத்துற மாதிரி சாப்பிடுறே?" இதைக் கேட்கத்தான் நான் பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து ஸ்ரீ கெம்பாங்கான் வரை ஒரு ரயிலும் ஒரு மினிபஸ்ஸும் ஏறி வருகிறேனோ என்னவோ.

ஹேசப் என்ற முறை வந்து நாலு மாதம். சாப்பாட்டில் எந்த இடத்தில் கேடு வரும் என்று முன்கூட்டியே கண்டுபிடித்து, அந்த இடத்தில் காவல் போட்டு, போட்டதை எழுதியும் வைப்பது. சிங்கப்பூர்க்காரர்கள் சான்றிதழ் இல்லாமல் வாங்கமாட்டார்களாம். இதை விளக்க நான் இரண்டு மணி நேரம் வகுப்பு எடுத்தேன். முடிவில் சீதா அக்கா, "தும்ப விட்டுட்டு வாலப் பிடிக்காதேங்கிறே, அவ்ளோதானே?" என்றார். அவ்வளவுதான். எனக்கு அது தோன்றவில்லை பாருங்கள்.

23 ஜூலை, புதன்

அறைக்குத் திரும்பிய பிறகு யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை என்பது பல் தேய்க்கும்போதுதான் தெரிந்தது.

28 ஜூலை, திங்கள்

செலாயாங்கில் ஒரு பெண்கள் ஹாஸ்டல். நம் பருப்புக் கறி சாப்பிட்டு ஒன்பது பெண்களுக்கு வாந்தி. இரண்டு பேர் ஆஸ்பத்திரியில். பாக்கெட்டில் இருந்த தேதி 18 ஜூலை, வெள்ளிக்கிழமை.

முதலாளி சோமசுந்தரம் ஃபைலைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். 18ஆம் தேதி சூட்டுத் தாளைப் பார்த்தோம். (நான் டெம்பரேச்சர் ஃபாரம் என்றேன், இங்கே எல்லாருக்கும் அது சூட்டுத் தாள்.) அடுப்பிலிருந்து இறக்கிய நேரம் 12.05. ஐந்து டிகிரிக்கு வந்த நேரம் மாலை 5.40. ஆறு மணி நேரத்துக்குள் ஆற வேண்டும், ஆறியிருக்கிறது. சமைத்தவர் கையெழுத்து சீதா அக்கா. ஆறியதைக் குறித்தது குளிர் அறை சலாவுதீன். சரிபார்த்தவர் நான்.

"நம்ம பேப்பர் சுத்தம் லா!" முதலாளிக்கு அப்படி ஒரு நிம்மதி. ஹாஸ்டலில்தான் பாக்கெட்டை வெளியே போட்டு வைத்திருப்பார்கள் என்றார். அவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள் போல. அங்கே சமைக்கும் இராஜம்மா என்ற அம்மாவை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்களாம்.

ஒவ்வொரு நாளும் ஒரு பாக்கெட் எடுத்து மாதிரிக்கு வைத்திருப்போம். 18ஆம் தேதிப் பாக்கெட்டை லேபுக்கு அனுப்பிவிட்டேன். முதலாளியிடம் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? சும்மாதான்.

6 ஆகஸ்ட், புதன்

லேப் பதில் வந்துவிட்டது. பிரிக்காத பாக்கெட், நம் சீல். உள்ளே கிருமி. இந்த வகைக் கிருமி மெதுவாக ஆறும் பருப்பில் விஷத்தைக் கக்கி வைத்துவிடும், பிறகு எவ்வளவு கொதிக்க வைத்தாலும் போகாது.

அப்படியானால் இராஜம்மா ஒன்றும் செய்யவில்லை. தப்பு நம்முடையது. ஆனால் தாள் சுத்தம். எப்படி? எப்படி?

8 ஆகஸ்ட், வெள்ளி

காலை 10.50க்குக் கிள்ளானுக்கு அண்ணனைக் கூப்பிட்டேன். பினாங்கில் ஒரு வரன் பார்த்து வைத்திருக்கிறார் எனக்கு, முப்பத்தொன்பது வயதில். மனைவி இறந்தவர், இரண்டு பிள்ளை. பதில் சொல்லு பதில் சொல்லு என்று மூன்று வாரமாக அரிக்கிறார்.

"அண்ணே, அந்த பினாங்கு விஷயம்…"

"ஏம்மா, நீ காலண்டரே பார்க்கமாட்டியா? வெள்ளிக்கிழமை பத்தரை பன்னெண்டு! நல்ல விஷயத்த இப்பவா பேசறது? பன்னெண்டுக்கு மேல கூப்பிடு." பட்டென்று வைத்துவிட்டார்.

வேண்டாம் என்று சொல்லத்தான் கூப்பிட்டேன். வேண்டாம் என்பதற்கும் ராகு காலமா! தனியாக உட்கார்ந்து சிரித்தேன். சிரித்துக்கொண்டே மேசையில் கிடந்த தாளைப் பார்த்தேன். 12.05.

மற்ற வெள்ளிக்கிழமைத் தாள்களை உருவினேன். 12.03. 12.10. 12.05. மார்ச்சிலிருந்து ஒரு வெள்ளிகூடப் பத்தரைக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் ஒரு கையெழுத்து இல்லை. திங்களில் ஏழரை ஒன்பது காலி. சனியில் ஒன்பது பத்தரை காலி. ஒரு ஃபேக்டரி முழுக்க ராகு காலம் பார்த்தா கொதிக்கும்?

கீழே இறங்கி ஓடினேன், மணி பதினொன்று இருபது. பருப்புச் சட்டி அப்போதே இறக்கி, தட்டுகளில் ஊற்றி, பாதி குளிர் அறைக்குள் போயிருந்தது. தாளில் ஒன்றும் இல்லை. பேனா அதன் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது.

வெள்ளிதோறும் இறக்குவது பத்தே முக்காலுக்காம். அப்போது இறக்கி மாலை 5.40 வரை என்றால் ஆறு மணி நேரமா? ஏழு. திங்கள் சனியில் செய்வது தண்ணீர்க் குழம்பு, சின்னச் சட்டி, எப்படியும் ஆறிவிடும். வெள்ளிக்கிழமை முதலாளி வீட்டு வழக்கப்படி மாமிசம் கிடையாது, அன்று முழுக்கப் பருப்பு. கெட்டிப் பருப்பு சூட்டை விடவே விடாது.

நானும் செட்டியார் வீட்டுப் பெண்தானே? அப்பா ராகு காலத்தில் பேனா மூடியைக்கூடத் திறக்கமாட்டார். அது தெரிந்தும் கிட்டத்தட்ட இருபது வெள்ளி நான் மாடியில் உட்கார்ந்துகொண்டு 'சரிபார்த்தவர்' என்று கிறுக்கியிருக்கிறேன். நீ என்னத்தடி சரிபார்த்தே?

11 ஆகஸ்ட், திங்கள்

மதியம் கேட்டேவிட்டேன். சீதா அக்கா மறைக்கவில்லை.

"சூடு கரெக்டா பார்ப்பேன் விசாலம், ஒரு டிகிரி பிசகாது. எழுதறதுதான் பன்னெண்டு அடிச்ச பிறகு. என் கையெழுத்துக்குப் பக்கத்துல ராகு காலத்து நேரம் இருக்கக்கூடாது."

ஏன் என்றேன். டப்பாவை மூடிவிட்டார்.

"எங்க வீட்டுக்காரர் சொந்தமா லோரி எடுத்தாரு. ஏஜென்ட் வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு பேப்பர நீட்டினான். பன்னெண்டு ஆகட்டுமேன்னு நான் சொன்னேன். அவன் சிரிச்சான். இவரு வெட்கப்பட்டுக்கிட்டு கையெழுத்து போட்டுட்டாரு. நாப்பத்தோராம் நாள், காஜாங் ரோட்டுல…"

அதே லோரியில் விபத்து, அங்கேயே முடிந்துவிட்டதாம். வீட்டுக்காரர் பெயர் சின்னையா என்று அக்கா சொல்லிக் கேட்டதுகூட இன்றுதான். பதினாறு வருஷம் ஆகிறதாம். நான் என்ன சொல்ல? ராகுவாவது கேதுவாவது, லோரிக்கு பிரேக் இல்லை என்பதா? இருவரும் கையைக் கழுவிக்கொண்டு வேலைக்குப் போனோம்.

12 ஆகஸ்ட், செவ்வாய்

ஆடிட்டர் வருவது அடுத்த மாதம். அவர்களுக்கு ராகு காலம் தெரியாது. நான் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது.

13 ஆகஸ்ட், புதன்

இராஜம்மா. இராஜம்மா. முகம்கூடத் தெரியாத பெண் ஏன் என் மண்டையில் வந்து உட்கார்ந்துகொண்டாள்?

14 ஆகஸ்ட், வியாழன்

லேப் பதிலையும் சேர்த்து எழுதிக் கொடுத்துவிட்டேன், ஒன்றரைப் பக்கம். தவறான நேரம் எழுதியவர் சீதாலெட்சுமி, கவனிக்கத் தவறியவர் விசாலம், மார்ச் முதல். குளிர் அறையில் மீதமுள்ள மூன்று வெள்ளிப் பருப்பையும் அழிக்க வேண்டும். ஹாஸ்டலுக்கு உண்மையைச் சொல்ல வேண்டும்.

முதலாளி படித்துவிட்டுத் தாளைக் கவிழ்த்து வைத்தார். "நானே ராகு காலத்துல செக்ல கையெழுத்து போடமாட்டேன் மிஸ். இதுக்குப் போயி… இனிமே சரி பண்ணிடு. பழச ஏன் கிளறுறே?"

"பழசு குளிர் அறையில இருக்கு பாஸ். நாளைக்கு வேற ஹாஸ்டலுக்குப் போகும்."

"ஆடிட் வருதுலா!"

"அப்ப ஆடிட்டுக்கு வேற யாராவது கையெழுத்து போடட்டும்."

இந்த வாய் இருக்கிறதே, இதற்குத்தான் முதலில் ஒரு காவல் போட வேண்டும். ஆனாலும் அவர் கெட்டவர் இல்லை. மாலையில் ஹாஸ்டலுக்கு அவரே போன் செய்தார். மூன்று வெள்ளியையும் கொட்டச் சொன்னார். எல்லாம் நான் கேட்டபடி.

நான் கேட்காத ஒன்றும் நடந்தது. சூப்பர்வைசர்களுக்கு நீலத் தொப்பி, மற்றவர்களுக்கு வெள்ளை. எல்லார் முன்னாலும் சீதா அக்காவின் தலையிலிருந்து நீலத் தொப்பியை வாங்கிவிட்டார்கள். சூட்டுத் தாள் இனி சலாவுதீன் பொறுப்பு.

15 ஆகஸ்ட், வெள்ளி

டப்பாவோடு அவர் வரவில்லை. அடுப்படிப் பெண்கள் மேசையில் உட்கார்ந்தார். நான் எழுந்து போய் நின்றேன். "அக்கா, தொப்பிய எடுக்கச் சொல்லி நான்…"

நிமிர்ந்து பார்த்தார். "சாப்பாட்டு மேசையில சொன்னத நீ பேப்பர்ல எழுதிட்டே." சொல்லிவிட்டு ஊறுகாயை இந்தப் பக்கம் நகர்த்தச் சொன்னார், என்னிடம் இல்லை, பக்கத்தில் இருந்தவளிடம்.

சொல்லியிருக்கலாம். எழுதுவதற்கு முன்னால், அக்கா நான் எழுதப் போறேன் என்று ஒரு வார்த்தை. மூன்று நாள் இருந்ததே. பயந்துகொண்டு இருந்தேன். நான் சொன்னால் அவர் வேண்டாம் என்பார், வேண்டாம் என்றால் எழுதமாட்டேன். அதுதான் காரணம், வேறு ஒன்றும் இல்லை.

20 ஆகஸ்ட், புதன்

பருப்பைக் கொட்ட மூன்று மணி நேரம் ஆனது. கறுப்புப் பைகள். யாரும் என் பக்கம் நிற்கவில்லை.

31 ஆகஸ்ட், ஞாயிறு

மெர்டேக்கா, சுதந்திர தினம். கிள்ளானுக்குப் போனேன். அண்ணி கோழி வைத்தார். பினாங்கு வரன் வீட்டில் வேறு பெண்ணைப் பார்த்துவிட்டார்களாம். அண்ணன், "உனக்கு யாரும் வேணாம்னு நீயே தள்ளித் தள்ளி விடுறே" என்றார். இல்லை அண்ணே என்று சொல்ல வந்தேன். அதற்குள் டிவியில் பரேட் வந்துவிட்டது.

இராஜம்மாவுக்குத் திரும்ப வரச் சொல்லிக் கடிதம் போனதாம். அவர் வரவில்லை, வேறு இடம் கிடைத்துவிட்டதாம். என்னைப் பற்றி அவருக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை.

11 செப்டம்பர், வியாழன்

காட்டுத் தீப் புகைமூட்டம். ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கடையின் பெயர்ப் பலகை தெரியவில்லை. ஃபேக்டரியில் எல்லார் முகத்திலும் துணி. ஒரு விதத்தில் நல்லது. யார் என்னைப் பார்த்து முகத்தைத் திருப்புகிறார்கள் என்று தெரியவில்லை.

19 செப்டம்பர், வெள்ளி

இதை விடாமல் எழுத வேண்டும்.

ஆடிட் இன்று. வெள்ளிக்கிழமை வேண்டாம் என்று முதலாளி கெஞ்சியும் தேதி மாறவில்லை. எட்டு மணிக்கு சலாவுதீன் மனைவி மஜீதா போன் செய்தாள். புகையில் அவருக்கு மூச்சுத் திணறி கிளினிக்கில் இருக்கிறார், இரண்டு நாள் எம்சி, மருத்துவ லீவு.

சூட்டுத் தாளில் எழுதப் பயிற்சி பெற்றவர்கள் இரண்டே பேர். பட்டியல் சுவரில் தொங்குகிறது: சலாவுதீன், சீதாலெட்சுமி. அக்காவின் பெயரை அதிலிருந்து எடுக்க நான் மறந்திருந்தேன். மறந்தேனா? எடுக்க மனம் வரவில்லை. நான் எழுதவும் முடியாது. எழுதுபவரும் சரிபார்ப்பவரும் ஒரே ஆளாக இருக்கக்கூடாது என்று விதி எழுதியதே நான்தான்.

பத்தே முக்கால். ஆடிட்டர் அம்மா அடுப்பு ஓரத்தில் அட்டையும் கையுமாக நிற்கிறார். முதலாளியின் சட்டை முதுகு நனைந்துவிட்டது. சட்டியை இறக்கினார்கள். தாள் வெறுமையாகத் தொங்குகிறது. நான் சீதா அக்காவைப் பார்க்கவே இல்லை. சத்தியமாக. பார்த்தால் கேட்டது மாதிரி ஆகிவிடும். அவரிடம் இனி எதையும் கேட்கும் தகுதி எனக்கு இல்லை.

அவராகவே வந்தார், வெள்ளைத் தொப்பியோடு. தெர்மாமீட்டரைப் பருப்பில் விட்டார், எடுத்தார், துடைத்தார். கயிற்றில் தொங்கிய பேனாவைப் பிடித்தார். தாளின் தலையில் முதலில் சின்னதாக ஒரு உ போட்டார். பிறகு 92 டிகிரி. பிறகு சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்து, 10.52. பிறகு கையெழுத்து, முழுப் பெயர், ஒவ்வோர் எழுத்தாக.

ஆடிட்டர் அம்மா அந்த உ-வைக் காட்டி இது என்ன என்றார். அவருடைய கையெழுத்து அங்கேதான் ஆரம்பிக்கிறது என்றேன். சரி என்று குறித்துக்கொண்டார்.

அக்கா கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு திரும்பிப் போனார். என்னைப் பார்க்கவில்லை. மதியம் அதே பழைய மேசை, அதே பெண்கள். மாலையில் அந்தத் தாளில், அவர் பெயருக்குப் பக்கத்துக் கட்டத்தில், நான் என் பெயரை எழுதினேன். அழுதேன். யாரும் பார்க்கவில்லை, பார்க்கத்தான் யார் இருக்கிறார்கள்?

22 செப்டம்பர், திங்கள்

அக்காவுக்கு நீலத் தொப்பியை முதலாளி திருப்பிக் கொடுத்தார். வாங்கிக்கொண்டார். வெள்ளிக்கிழமைத் தாள் மட்டும் சலாவுதீனே எழுதட்டும் என்று அக்கா சொன்னாராம்.

மூன்று.

1 அக்டோபர், புதன்

பன்னிரண்டு. நான் எதை எண்ணுகிறேன் என்று எழுதமாட்டேன். பட்டம் வாங்கிய பெண், வெட்கமாக இருக்கிறது.

9 அக்டோபர், வியாழன்

இருபது. அக்கா இன்று லீவு. காரணம் கேட்க யாரிடமும் வாய் வரவில்லை. கடைசியில் டைம் கார்டு அறைக்குப் போய்ப் பார்த்தேன். பல் வலியாம். பல் வலி! சாமி, பல் வலியோடு போகட்டும்.

17 அக்டோபர், வெள்ளி

சான்றிதழ் வந்துவிட்டது. முதலாளி கேக் வெட்டினார். இருபத்தெட்டு.

28 அக்டோபர், செவ்வாய்

முப்பத்தொன்பது. நாற்பத்தோராம் நாள் தீபாவளியன்று வருகிறது. காலண்டரை மூன்று தடவை எண்ணிப் பார்த்துவிட்டேன்.

30 அக்டோபர், வியாழன், தீபாவளி

கிள்ளானுக்கு வரவில்லை, காய்ச்சல் என்று அண்ணனிடம் பொய் சொன்னேன். "நல்ல நாள்லயா?" என்றார். கொம்யூட்டர் ரயில் ஏறினேன். அக்காவின் முகவரி டைம் கார்டில் பார்த்து வைத்திருந்தது. மூன்றாவது மாடி.

அந்த வரிசையில் எல்லா வீட்டுக் கதவும் திறந்து கிடந்தது, பலகார வாசனை, பிள்ளைகள் சத்தம். ஒரு கதவு மட்டும் சாத்தியிருந்தது. தட்டினேன். வரவில்லை. மறுபடி தட்டினேன்.

திறந்தார். பழைய சேலை, தலைகூட வாரவில்லை.

"என்னா சொல்லாம கொள்ளாம?"

"வாழ்த்து சொல்ல வந்தேங்க்கா."

"பொய் சொல்லாதே." கலைந்த தலையைக் கையால் ஒதுக்கிக்கொண்டார். "நீயும் எண்ணிக்கிட்டா இருந்தே?"

ஆமாம் என்றேன். உள்ளே வா என்று நகர்ந்து நின்றார்.

"காலையிலேர்ந்து அடுப்பு பத்த வைக்கல. கேஸ் வெடிச்சிருமோன்னு பயம். கீழ இறங்கினா வண்டி மோதிருமோன்னு. பைத்தியம்தான், தெரியுது. தெரிஞ்சும் உட்கார்ந்திருக்கேன்."

நான் போய் அடுப்பைப் பற்றவைத்தேன். வெடிக்கவில்லை. அக்கா வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டில் பருப்பு இருந்தது, அதையே வைத்தேன். அதற்குள் கையை அலம்பிக்கொண்டு வந்து, "உப்பு போட்டியா, போடலியா?" என்று கரண்டியைப் பிடுங்கிக்கொண்டார்.

சாப்பிடும்போது சொன்னேன். "அன்னைக்கு உங்ககிட்ட சொல்லிட்டு எழுதியிருக்கணும். பயமா இருந்துச்சுக்கா. நீங்க ஒருத்தர்தான் எனக்கு."

"எழுதினது சரிதான். வாந்தியெடுத்தது யாரு வீட்டுப் பிள்ளைங்களோ." சோற்றைப் பிசைந்தார். "சொல்லியிருக்கலாம். திட்டியிருப்பேன். திட்டிட்டு அடுத்த நாள் டப்பாவோட வந்திருப்பேன்." பிறகு, "பருப்ப இப்பவே தீர்த்துடு. மிச்சம் வச்சா நீ ஃபாரம் எடுத்துக்கிட்டு வருவே."

ஆறு மணி ரயிலுக்குக் கிளம்பினேன். அவர் படிக்கட்டு வரை வந்தார்.

31 அக்டோபர், வெள்ளி

லீவு ஒரே நாள்தான், இன்று வேலை. பருப்பு. சலாவுதீன் பேனாவைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது அக்கா அதை வாங்கிக்கொண்டாராம். இறக்கிய நேரம் 10.44. கையெழுத்து சீதாலெட்சுமி. தாளின் தலையில் உ இல்லை.

மதியம் டப்பாவோடு என் மேசைக்கு வந்தவரிடம் ஏன் போடவில்லை என்று கேட்டேன்.

"அட, மறந்துட்டேன்லா" என்றார், வாயில் சோற்றோடு.